கண்ணுக்குள் கண்ட இரத்தக் குழாய்கள்

நம் உடம்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கத்தி படாமல் தெளிவாகப் பார்ப்பதற்கு ஏற்ற இடம் கண்தான். கண்ணின் உட்சுவரில் படிந்துள்ள விழித்திரையில் அவை கிளை கிளையாகப் பரவிக் கிடக்கின்றன. அவற்றைக் காண மனிதன் கற்ற வரலாற்றையும், ஓர் அரிய பரம்பரை நோய்க்கு அது துணையான விதத்தையும் இன்று பார்ப்போம்.

வெயிலில் நின்று லயத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டாகத் தெரிகிறதல்லவா? கண்மணியும் அப்படித்தான். உள்ளே புகும் ஒளி வந்த வழியே திரும்புகிறது. அந்த வழியில் நம் தலையை வைத்தால் ஒளியையே மறைத்துவிடுகிறோம். 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு வழி கண்டார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பினார். அதே கண்ணாடியின் ஊடே உள்ளே பார்த்தார். மறு ஆண்டு அக்கருவியை உலகுக்கு அறிவித்தார்.

1898-இல் ஜெர்மனியில் ஃபேப்ரி, இங்கிலாந்தில் ஆண்டர்சன் என்னும் இரு மருத்துவர்கள், ஒருவரையொருவர் அறியாமலே, தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள் கொண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினர். இன்று அது ஃபேப்ரி நோய் எனப்படுகிறது. நம் உடம்பில் பழைய கொழுப்பைச் சிதைக்கும் என்சைம்கள் உண்டு. இந்நோயில் அவற்றுள் ஒன்று குறைகிறது என்பது 1967-இல் தெரியவந்தது. சிதையாத கொழுப்பு, அள்ளப்படாத குப்பைபோல, இரத்தக் குழாய்களின் சுவர்களில் சேர்கிறது. நாளடைவில் சிறுநீரகம், இதயம், மூளை ஆகியவை பழுதடைகின்றன. விழித்திரைக் குழாய்கள் சிலருக்கு வளைந்து நெளிந்து தோன்றுகின்றன.

சாதாரணக் கருவியில் நெளிவு தெரியும். சுவரின் நுட்பம் தெரியாது. கண்ணின் வில்லையும் மற்றப் பாகங்களும் ஒளியைச் சற்றே கலைத்துவிடுவதே காரணம். வானத்துக் காற்று விண்மீனின் உருவைக் கலைப்பதும் இவ்வாறே. அதைச் சரிசெய்ய, உருமாறும் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்று 1953-இல் வானியலறிஞர் பேப்காக் கூறினார். 1997-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் அந்த முறையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தனர். விழித்திரையின் தனித்தனி உயிரணுக்கள் தெரிந்தன. பின்னர் ஃபேப்ரி நோயாளிகளின் குழாய்ச் சுவர்களில் படிந்த நுண்ணிய படிவுகளையும் ஆய்வாளர்கள் உயிருள்ள கண்ணிலேயே கண்டனர். விண்மீனைப் பார்க்க எழுந்த எண்ணம் நோயைப் பார்க்க உதவிற்று.

ஆனால் கண்படம் மட்டுமே தீர்ப்பன்று. வேறு காரணங்களாலும் குழாய்கள் நெளியலாம். இரத்தத்தில் என்சைமை அளந்தும், மரபணுவைச் சோதித்துமே நோய் உறுதியாகிறது. பெண்களுக்கு என்சைம் அளவு சரியாக இருந்தாலும் நோய் இருக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கு மரபணுச் சோதனை முக்கியம். குறைந்த என்சைமை ஊசி வழியே ஏற்றும் சிகிச்சை ஐரோப்பாவில் 2001-இல் அனுமதி பெற்றது.

இந்நோயுள்ள பிள்ளைகள் சிறு வயதிலேயே உள்ளங்கையும் பாதமும் எரிவதாகச் சொல்வார்கள். வெயிலில் வேர்க்காமல் துவண்டுபோவார்கள். வெளியே காயம் ஏதும் தெரியாததால், பள்ளிக்குப் போகச் சோம்பல் என்று நாம் கடிந்துகொள்ளக்கூடும். நோய் மிக அரியது; எரிச்சலுக்கு வேறு காரணமே பெரும்பாலும் இருக்கும். எனினும் அது தொடர்ந்தால், குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் சிறுநீரகமோ இதயமோ கெட்டதுண்டா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்வோம். கண்ணுக்குள் பார்க்க மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. பிள்ளையின் சொல்லைக் கேட்க நமக்கு ஒரு நொடி போதும்.