ஸ்டேக் உணவகத்தில் காதலர்களுக்கு மேசை கிடைத்த கதை

பிப்ரவரி 14 நெருங்கிவிட்டால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல ஸ்டேக் உணவகம் ஒன்றில் இரண்டு பேருக்கு மேசை கிடைப்பது குதிரைக்கொம்புதான். "எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று நண்பர்களிடம் ஆலோசனை கேட்கும் இளைஞனுக்குக் கிடைக்கும் பதில்களில் ஸ்டேக் கடை நிச்சயம் ஒன்றாக இருக்கும். மங்கிய விளக்கு, வெள்ளை மேசை விரிப்பு, இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் இறைச்சி. இதற்கும் காதலுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் விடை கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்டேக் சாப்பிடும் இடம் என்பது நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லாத இடம். நமது வட்டாரத்தில் அதற்கு இன்னொரு பூட்டும் இருந்தது. அது துரைமார்களின் உணவு. உள்ளூர்க்காரன் அதைச் சமைக்கலாம், பரிமாறலாம். உட்கார்ந்து சாப்பிடுவது வேறு விஷயம். காதலர்கள் இன்று சாதாரணமாக நுழையும் அந்தக் கதவில் ஒரு காலத்தில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

முதல் பூட்டு லண்டனில் போடப்பட்டது. 1735-ஆம் ஆண்டு கோவென்ட் கார்டன் நாடக அரங்கின் நிர்வாகி ஜான் ரிச், மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிடுவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் 24 பேர். அத்தனை பேரும் ஆண்கள். "மாட்டிறைச்சியும் சுதந்திரமும்" என்பது அவர்களது முழக்கம். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் சேர விரும்பியபோது, எண்ணிக்கையை 25 ஆக்கி அவருக்கு இடம் கொடுத்தார்கள். இளவரசருக்காக விதி வளைந்தது, பெண்ணுக்காக வளையவில்லை. சங்கத்துக்கு வெளியே இருந்த "சாப் ஹவுஸ்" கடைகளும் அப்படித்தான். வணிகர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து இறைச்சியும் பீரும் எடுத்துக்கொண்டு தொழில் பேசும் இடங்கள் அவை. கௌரவமான குடும்பத்துப் பெண் அங்கே போனால் அவளுடைய கௌரவம் திரும்பி வராது என்பது அன்றைய எண்ணம்.

அப்படியானால் காதலர்கள் எங்கே சாப்பிட்டார்கள்? பணமும் பதவியும் இருந்தவர்கள் மறைவாகச் சாப்பிட்டார்கள். லண்டனில் 1798-இல் தொடங்கப்பட்ட ரூல்ஸ் உணவகத்துக்கு, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், நடிகை லில்லி லாங்ட்ரியை அடிக்கடி அழைத்து வந்தார். யார் கண்ணிலும் படாமல் வந்துபோக அவர்களுக்கென்றே தனி வாசல் அமைக்கப்பட்டதாக அந்த உணவகத்தின் கதை சொல்கிறது. இன்று "ரொமான்டிக்" என்று புகழப்படும் மறைவான மூலை மேசைக்கு அந்தக் காலத்தில் காரணம் வேறு!

அதே லில்லி லாங்ட்ரி இந்த வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வருகிறார், இம்முறை முன்வாசல் வழியாக. நியூயார்க் நகரின் நாடக அரங்குப் பகுதியில் 1885-இல் திறக்கப்பட்ட கீன்ஸ் உணவகம் ஆண்களுக்கு மட்டுமே. 1905-ஆம் ஆண்டு லாங்ட்ரிக்கு அங்கே உணவு மறுக்கப்பட்டது. அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. வழக்குப் போட்டார். வென்றார். பிறகு இறகு மாலை அணிந்து கம்பீரமாக உள்ளே வந்து உட்கார்ந்து, அந்தக் கடையின் பெயர்போன ஆட்டிறைச்சிச் சாப்பைக் கொண்டுவரச் சொன்னாராம். அதே நகரில் 1868-லேயே பெண்கள் ஒரு கதவைத் தட்டியிருந்தார்கள். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்குப் பத்திரிகையாளர்கள் டெல்மோனிக்கோஸ் உணவகத்தில் விருந்து கொடுத்தபோது, பெண் என்பதால் ஜேன் கன்னிங்ஹாம் குரோலி என்ற பத்திரிகையாளருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் பெண்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்து, ஆண் துணையில்லாமல் அதே டெல்மோனிக்கோஸில் கூடிச் சாப்பிட வைத்தார்.

லண்டனில் கதவைத் திறந்தது வழக்கு அல்ல, வியாபாரம். 1889-இல் திறக்கப்பட்ட சவோய் ஹோட்டலில் சீசர் ரிட்ஸ் நிர்வாகத்தையும் எஸ்கோஃபியே சமையலறையையும் ஏற்ற பிறகு, பெண்கள் மாலை உடையில் கணவனோடும் நண்பர்களோடும் வந்து எல்லாரும் பார்க்கச் சாப்பிடுவது நாகரிகமாயிற்று. பெண் வந்தால் ஒரு மேசைக்கு இரண்டு சாப்பாடு விற்கும் என்ற கணக்கு நன்றாகவே வேலை செய்தது.

இனி மலாயாவுக்கு வருவோம். இங்கே இரண்டாவது பூட்டைத் திறந்தவர்கள் வழக்கறிஞர்களோ நடிகைகளோ அல்லர். சமையற்காரர்கள்.

சீனாவின் தெற்கே உள்ள ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்றச் சீனக் குழுவினரைவிடத் தாமதமாகவே இந்த மண்ணில் காலடி வைத்தார்கள். அதற்குள் வணிகம் ஹொக்கியன்களிடமும் தியோச்சியூக்களிடமும், சுரங்கமும் கைத்தொழிலும் கெண்டனீஸ், ஹக்கா மக்களிடமும் பெரும்பாலும் போய்விட்டன. மிஞ்சியது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை. துரை வீட்டிலும், கப்பலிலும், ஹோட்டலிலும், படை முகாமிலும் "குக் பாய்" என்ற பெயரில் அவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். நாற்பது வயதானாலும் "பாய்"தான். ராஃபிள்ஸ் ஹோட்டலில் சிங்கப்பூர் ஸ்லிங் பானத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஙியாம் தோங் பூனும் ஒரு ஹைனானியரே.

இவர்களது வாழ்க்கையில் ஒரு சோகமும் உண்டு. ஹைனான் பெண்கள் கடல் கடந்து போவதை 1920-கள் வரை அவர்களது சமூகமே அனுமதிக்கவில்லை. மனைவி தீவில், கணவன் மலாயாவில். துரைக்கும் துரைசானிக்கும் இரவு விருந்து சமைத்து, மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பின்கட்டு அறைக்குப் போய்த் தனியே படுத்தவர்கள் இவர்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மனைவியைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு மூன்று மூன்று ஆண்டுகளாகக் கிட்டங்கியில் காலம் தள்ளிய செட்டியார் கடைக்காரர்கள் இங்கேயும் இருந்தார்களே!

சமைக்க ஆள் இருந்தால் போதுமா? இறைச்சியும் வேண்டும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தின் மையம். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற வணிகர் அங்கே பெரிய அளவில் மாடு வாங்கி விற்றார். பெலிலியோஸ் சாலை, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் இன்னும் அதைச் சொல்கின்றன. மாட்டைப் பராமரிக்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் வந்த தமிழர்களால்தான் அந்த வட்டாரம் நமது வட்டாரமாயிற்று. ஆனால் வண்டி மாடும் எருமையும் துரையின் பல்லுக்கு ஒத்துவருமா? 1903-இல் சிங்கப்பூரில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் உருவாகி, ஆஸ்திரேலியாவின் உறைந்த இறைச்சி கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியது. அதன் பிறகே இங்கே ஸ்டேக் என்று சொல்லத்தக்க ஒன்று ஒழுங்காகக் கிடைத்தது.

கோலாலம்பூரில் 1921-ஆம் ஆண்டு, அன்றைய பத்து ரோட்டில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், கொலிசியம் உணவகம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே அதே பெயரில் திரையரங்கு. நடத்தியவர்கள் ஹைனானியர்கள். ரப்பர் தோட்டத் துரைகளும் ஈயச் சுரங்க முதலாளிகளும் பட்டணத்துக்கு வந்தால் அங்கேதான் இறங்குவார்கள். ஐரோப்பியருக்கென்றே நடந்த கிளப்புகளைப் போல அங்கே உறுப்பினர் அட்டை தேவையில்லை. சாலையோரக் கடை, கையில் பணம் இருந்தால் நாற்காலி உண்டு. சின்ன விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் ஸ்டேக்கை கிளப்பிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது இந்தச் சின்ன விஷயம்தான். படம் பார்க்க வந்தவர்கள் படம் முடிந்து பக்கத்துக் கதவைத் திறக்க அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

அங்கே கிடைத்த ஸ்டேக் லண்டன் ஸ்டேக் அல்ல. நன்றாகச் சூடேற்றிய இரும்புத் தட்டில் இறைச்சியை வைத்து, மேசைக்குக் கொண்டுவந்து, அதன் மேல் பழுப்புக் குழம்பை ஊற்றுவார்கள். தட்டு சீறும், புகை எழும், எண்ணெய்த் துளி பறக்கும். ஹைனானியரின் மேல்நாட்டுச் சமையலில் வொர்செஸ்டர் சாஸோடு சோயாவும் சேரும். உருளைக்கிழங்கும் பட்டாணியும் பக்கத்தில் இருக்கும். பன்றி இறைச்சிச் சாப்புக்கு பிஸ்கெட்டைப் பொடித்துத் தூவுவார்கள். நல்ல ஸ்டேக்கைக் குழம்பில் முக்குவது பாவம் என்று சொல்லும் ரசிகர்கள் இன்று உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதன்முதலாகக் கத்தியும் முள்ளும் பிடிக்கும் ஒருவனுக்கு, தெரிந்த வாசனை ஒன்று அந்தத் தட்டிலிருந்து வந்தது. கொஞ்சம் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டாலும் ருசிக்கும் குழம்பு அது. பயம் தெளிய அது போதும்.

பெரிய திருப்பம் 1968 ஜனவரியில் வந்தது. சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. தீவின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங்கிலும் சாங்கியிலும் சிப்பாய்களுக்குச் சமைத்த, துணி துவைத்த, முடி வெட்டிய குடும்பங்களுக்கெல்லாம் அது இடி. ஹைனான் சமையற்காரனுக்கு வெள்ளைக்காரன் சமையல் தெரியும். வெள்ளைக்காரன்தான் கப்பல் ஏறிவிட்டான். இனி யாருக்குச் சமைப்பது?

சே லிப் ஹாய் என்ற ஹைனானியரின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை. பிரிட்டிஷ் படையில் குக் பாயாக இருந்தவர் அவர். 1960-களில் செம்பவாங்கில் சிப்பாய்களுக்காக உணவும் மதுவும் விற்கும் கடை நடத்தினார். கில்லினி சாலையில் ஜேக் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் வைத்திருந்த ஜேக்ஸ் பிளேஸ் மதுக்கூடத்தில் சமையலை ஏற்றார். பிறகு அந்தக் கடையே அவர் கைக்கு வந்தது. பெயரை மாற்றவில்லை. சீறும் தட்டில் ஸ்டேக், கூடவே சூப்பு, கடைசியில் இனிப்பு, உள்ளூர்ச் சம்பளத்துக்கு ஏற்ற விலை. அலுவலக எழுத்தர்கள், ஆசிரியைகள், முதல் சம்பளம் வாங்கிய பையன்கள் வந்தார்கள். பிறந்தநாளுக்கு வந்தார்கள், காதலியோடு வந்தார்கள், திருமண நாளுக்கு மறுபடி வந்தார்கள். சிப்பாய் எழுந்த நாற்காலியில் காதலர்கள் உட்கார்ந்தார்கள். மலேசியாவிலும் 1970-களுக்குப் பிறகு இதே பாணிக் கடைகள் பெருகின. பினாங்கு பத்து ஃபெரிங்கியில் கப்பல் வடிவிலேயே கட்டப்பட்ட 'தி ஷிப்' உணவகத்தை நேயர்கள் பலர் பார்த்திருக்கலாம்.

தமிழ்க் காதலர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஸ்டேக் என்றாலே மாடு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசும் வீட்டுப் பெண்ணை அங்கே எப்படி அழைத்துப் போவது? தமிழர்களில் மாட்டிறைச்சி சாப்பிடும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. தொடாத இந்துக்கள்தாம் அதிகம். சீனர்களிலும் குவான் யின் அம்மனை வணங்குவோர் பலர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பார்கள். இதை ஹைனான் சமையற்காரன் நன்கு அறிந்தவன். அதனால்தான் அவனுடைய உணவுப் பட்டியலில் மாட்டுக்குப் பக்கத்திலேயே அதே குழம்போடு, அதே பட்டாணியோடு கோழிச் சாப்பும் ஆட்டுச் சாப்பும் இருந்தன. தட்டு ஒன்றுதான், சீற்றமும் ஒன்றுதான். முஸ்லிம் காதலர்களுக்குக் கேள்வி வேறு. சமையலறை ஹலாலா என்று பார்த்த பிறகே மெழுகுவர்த்தியைப் பார்ப்பார்கள்.

ஆகவே இந்த வட்டாரத்தில் நல்ல ஸ்டேக் உணவகம் தேடுபவர் இறைச்சியின் நாட்டையும் விலையையும் மட்டும் விசாரித்தால் போதாது. உடன் வருபவர் எதைச் சாப்பிடுவார் என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். உள்ளே சிவப்பு மாறாத "ரேர்" வேண்டுமா, பாதி வெந்த "மீடியம்" வேண்டுமா, முழுக்க வெந்த "வெல் டன்" வேண்டுமா என்று பணியாளர் கேட்கும்போது, எதிரில் இருப்பவருக்காகத் தானே பதில் சொல்லிவிடும் ஆண்கள் இன்றும் இருக்கிறார்கள். லில்லி லாங்ட்ரி இருந்தால் அதற்கும் வழக்குப் போட்டிருப்பார்.

கொலிசியத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரும்புத் தட்டு மேசைக்கு வருமுன் பணியாளர் பெரிய வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, சாப்பிட வந்தவரின் கழுத்திலிருந்து மடிவரை மறைத்துவிடுவார். துரையானாலும் சரி, கிராணியானாலும் சரி, புதுச் சட்டை போட்டு வந்த மாப்பிள்ளையானாலும் சரி, எல்லாருக்கும் அதே துணிதான். அப்புறம் குழம்பை ஊற்றுவார். புகை அடங்கும்வரை எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது.