பித்தளை ரயில்

கடமலைக்குண்டுக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ போயாக வேண்டும். ஆகவே அந்த ஊரில் ஒரு பெரியவர் வீட்டு அலமாரியில், ஒரு சாண் நீளத்தில், பித்தளையில் செய்த மீட்டர் கேஜ் என்ஜின் ஒன்றைக் கண்டதும் திகைத்துப் போனேன். பாத்திரங்களுக்குப் பற்று வைத்துப் பிழைத்தவர் அவர். பழைய போடி வண்டியை நினைத்து, ஒழிந்த வேளைகளில் செய்தாராம்.

"பிளாஸ்டிக்கில் இதைவிட நேர்த்தியாகக் கிடைக்குமே, ஐயா?" என்று கேட்டு வைத்தேன்.

"போடி வண்டி கிடைக்குமா, தம்பி?" என்றார்.

பித்தளை ரயிலின் சரித்திரமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். பித்தளைக்கோ தகடும் கத்தரியும் பற்றாசும் தேர்ந்த கையும் போதும். ஐம்பது செய்தாலும் சரி, ஒன்றே ஒன்று செய்தாலும் சரி.

இதைத் தொழிலாக்கிக் காட்டியவர்கள் ஜப்பானியர். 1945-க்குப் பிறகு டோக்கியோவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, கின்ஸாவில் கடிகாரமும் நகையும் விற்ற தென்ஷோடோ கடை ரயில் பொம்மைகளும் விற்றது. பிறகு அமெரிக்க வியாபாரிகள் வந்தார்கள். பெயர் மறந்துபோன சின்ன ரயில் கம்பெனிகளின் என்ஜின்கள்கூட 87-இல் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பல் ஏறின. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென், மலிவுக்குக் கேட்பானேன்? யென் ஏறியதும் தொழில் தென் கொரியாவுக்குப் பெயர்ந்துவிட்டது.

பித்தளையில் குறை இல்லாமல் இல்லை. வர்ணம் லேசில் ஒட்டாது, பல்சக்கரம் கரகரக்கும். விலைக்குப் பயந்து, வாங்கியவர்களில் பலர் பெட்டியை விட்டு எடுப்பதே இல்லை. ஓடாத ரயிலும் ஒரு ரயிலா?

ஆனால் அந்த என்ஜின்களின் மணியையும் விளக்கையும் வார்க்கிற விதம் நமக்குப் பழக்கமானது. மெழுகில் உருச் செய்து, சுற்றிலும் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜரை வார்ப்பதும் இப்படித்தானே! ஸ்தபதியின் மெழுகு ஒரே விக்கிரகத்தோடு கரைந்துபோகும். அவர்கள் ரப்பர் அச்சு வைத்து ஒரே மாதிரி நூறு மெழுகு எடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

போடிப் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் மூடினார்கள். 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. வந்தது வேறு ரயில். போனதற்கு எந்தத் தொழிற்சாலை அச்சு வெட்டப் போகிறது?

பெரியவரின் என்ஜினில் முன்விளக்கு மட்டும் இல்லை. தகட்டை வளைத்து வளைத்துப் பார்த்தும் சரியாக வரவில்லையாம்.

"சுவாமிமலைப் பக்கம் போனால், இத்தனூண்டு விளக்கு ஒன்று வார்த்துத் தருவார்களா என்று கேட்டு வாங்களேன், தம்பி" என்றார்.