இரண்டு லட்சம் ரூபாய் வேலி: ஆப்ஷன் வணிகத்தில் சிறு முதலீட்டாளர் நுழைந்த வழி

2024 அக்டோபர் 1 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை, குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் ரூபாய்க்கு உயர்த்தியது. சந்தை வளர வளரப் பழைய வரம்பு தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்தால், சிறியவர் இறங்காதபடி ஒப்பந்தத்துக்குள்ளேயே வைத்திருந்த காப்பு மீண்டும் நிலைபெறும் என்பது அதன் வாதம். வைத்திருந்த காப்பு என்பதோடுதான் எனக்குப் பிணக்கு. ஆப்ஷன் வாங்குபவருக்கு அப்படியொரு காப்பு என்றுமே இருந்ததில்லை.

தொடக்கத்தில், ஒப்பந்த மதிப்பு 2 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது நாடாளுமன்ற நிதி நிலைக்குழு. அப்போது பேசப்பட்டது பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ். இவ்வணிகத்தை ஆராய்ந்து 1998-இல் வந்த எல்.சி. குப்தா குழு அறிக்கையும் குறியீட்டு ஃபியூச்சர்ஸையே முதற்படியாக வைத்தது. ஃபியூச்சர்ஸுக்கு இந்த அளவுகோல் பொருந்தும்: ஒப்பந்தம் பெரிதானால் முன்வைப்பாகக் கட்டும் மார்ஜினும் பெரிதாகும். 2001 ஜூனில் நிஃப்டி ஆப்ஷன் வந்தபோதும் அதே கோலே நீட்டப்பட்டது. நிஃப்டி குறியீடு அன்று ஏறத்தாழ 1,100, லாட் (ஓர் ஒப்பந்தத்தின் அலகுகள்) 200. ஒப்பந்த மதிப்பு 2.2 லட்சம், ஆனால் 10 ரூபாய் பிரீமியத்தில் ஓர் ஆப்ஷன் வாங்க 2,000 ரூபாய் போதும். வேலி ஆளுயரம்தான், அடியில் இடைவெளி.

இது சட்டம் எழுதியவர்களுக்குப் புதிய செய்தியா? 1956-ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 2(டி)-ஐப் பாருங்கள். ஆப்ஷன் என்பதை 'வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை' வாங்கும் அல்லது விற்கும் ஒப்பந்தம் என்று வரையறுத்துவிட்டு, தேஜி, மந்தி, தேஜி மந்தி, கல்லி, புட், கால் என்று கடைவீதிப் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. வறண்ட சட்டநடையில் இத்தனை சந்தைச் சொற்கள் வருவது அபூர்வம்.  சிறு தொகைக்குப் பெரிய உரிமை கைமாறுகிறது என்பதை வரைந்தவர்கள் அறிந்திருந்தனர் என்றே கொள்கிறேன். அதனால்தான் பிரிவு 20 தொகைவரம்பு எதுவும் வைக்காமல் ஆப்ஷனை முழுதாகத் தடுத்தது. 1995-இல் அத்தடை நீங்கியது. அதன் இடத்தில் வந்த வரம்பு, உரிமையின் விலையை விட்டு ஒப்பந்தத்தின் மதிப்பை அளந்தது.

வாங்குபவரின் நட்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும், எனவே காப்பு தேவையில்லை என்று கருதியிருக்கலாம் என மறுக்க இடமுண்டு. ஒரு முறை வாங்குபவருக்கு அது சரி. 2016-இல் பேங்க் நிஃப்டியிலும் 2019-இல் நிஃப்டியிலும் வார எக்ஸ்பைரி (வாரந்தோறும் ஒப்பந்தம் முடியும் நாள்) வந்தபின், வாரத்துக்கு வாரம் வாங்குபவருக்கு அது பொருந்தாது. கூட்டம் பின்னால்தான் வந்தது, ஒப்புகிறேன். வழி 2001-இலேயே திறந்திருந்தது.

2024 செப்டம்பரில் வந்த செபியின் ஆய்வு, எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாகக் கண்டது. 2024-25-இல் அவ்விகிதம் 91. இதை வைத்து வரம்பு உயர்வு தோற்றது எனத் தீர்ப்பளிக்க மாட்டேன்; அந்நிதியாண்டில் நவம்பர் 20 வரை பழைய அளவே நடப்பில் இருந்தது. நிஃப்டி லாட் அதன்பின் 25-இலிருந்து 75 ஆனது. எக்ஸ்பைரி அன்று 5 ரூபாய்க்கு விற்கும் ஆப்ஷனுக்கு முன்பு 125 ரூபாய் ஆயிற்று; பிறகு 375.