ஜீவாவுக்கு முகம் உண்டா? - ஒரு மறுபதிப்பு அட்டையை முன்வைத்து

நாவலின் அட்டையைப் பிரதிக்கு வெளியே நிறுத்தியே பேசிப் பழகிவிட்டோம். தொடர்கதையாகப் பிறந்து, மறுபதிப்புகளாக வாழும் பிரதிக்கு அது பொருந்தாது. அங்கே வாசிப்பை முன்கூட்டியே தீர்மானிப்பது அட்டைதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த தொடர் அது. தொடர்கதை என்றால் வாராவாரம் படம் உண்டு. படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்தும் உண்டு. கல்கியில் 1950 முதல் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம், பிற்பாடு கணேஷ்-வசந்துக்கு ஜெயராஜ் என்று பாத்திரங்களுக்கு முகம் கிடைத்தது இப்படித்தான். வாரப் பக்கங்களைக் கிழித்து வீட்டில் பைண்டு செய்த தொகுதிகளில், விளம்பரங்களோடு அந்தப் படங்களும் தங்கின. பதிப்பகப் புத்தகமானதும் அவை பெரும்பாலும் உதிர்ந்துபோயின. அத்தனை வாரங்களின் வேலையும் ஒரே ராப்பரின் தலையில் விழுந்தது.

ராப்பரில் எதை வரைவது? யாரைக் கேட்டாலும் சட்டென்று 'ஜீனோ' என்பார்கள். பேசும், புத்தகம் படிக்கும் இயந்திர நாய், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சிக்கலே இதில்தான் இருக்கிறது. நாவல் 2021-22இல் நடக்கிறது. குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். ஆளுகிற ஜீவாவோ கடைசியில் ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம். எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிம்பமே அரசாளும் கதைக்கு நாய்ப் பிம்பத்தை மட்டும் மாட்டினால், அதிகாரம் பற்றிய பிரதி பொம்மைக் கதையாகச் சுருங்கிவிடாதா?

1949இல் வந்த ஆர்வெலின் '1984'ஐப் பாருங்கள். அந்த வருஷம் தாண்டி 29 வருஷம் கழித்து, 2013இல் பெங்குவின் மறுபதிப்புக்கு டேவிட் பியர்சன் படமே போடவில்லை. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கறுப்புப் பட்டைகளால் மறைத்தார். தணிக்கையை வரையாமல், அட்டையிலேயே செய்து காட்டினார்.

நமக்கும் 2022 தாண்டிவிட்டது. எதிர்காலம் இறந்தகாலமாகிவிட்ட நாவலுக்கு ராக்கெட்டும் நட்சத்திரமும் எதற்கு? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஜீவா அப்படியொன்றும் தூரத்து ஆசாமி இல்லை. 2010இல் திறந்த கட்டிடம் இது. மறுவருஷமே குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடுத்திராவிட்டால் ஓர் அறிவிப்பிலேயே நூலகம் போயிருக்கும்.

ஜீனோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் அது யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்பதையும் வரையச் சொல்லுங்கள். ஓவியரின் கையெழுத்தையும் அழிக்காமல் விடுங்கள்.