ஒரு மணி நேரம் அடிக்கவும்: வீட்டு கேக்கின் கதை

1747-ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் புத்தகம் வெளிவந்தது. அதில் பவுண்ட் கேக் செய்முறை ஒன்று இருக்கிறது. வெண்ணெய், மாவு, சர்க்கரை மூன்றும் ஒவ்வொரு பவுண்டு. முட்டை 12, ஆனால் வெள்ளைக்கருவில் பாதி போதும். எல்லாவற்றையும் சேர்த்து, கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறார். அப்புறம் 'வேகமான' அடுப்பில் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் அடிப்பது யாருடைய கை? வீட்டு எஜமானியின் கையாக இருக்க வாய்ப்பு குறைவு. வேலைக்காரப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி எளிமையாக எழுதியிருக்கிறேன் என்று கிளாஸ் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

சின்னச் செய்முறைதான், ஆனால் அதற்குள் தெரியாதவை மூன்று இருக்கின்றன. மாவுக்குள் எவ்வளவு காற்று போகும்? அது அடிப்பவரின் தோள் வலுவைப் பொறுத்தது. 12 முட்டை என்றால் எவ்வளவு? அது கோழியைப் பொறுத்தது. 'வேகமான' அடுப்பு என்றால் எத்தனை டிகிரி? அது அடுப்பைப் பார்த்துக்கொள்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

இன்று வீட்டில் கேக் செய்பவர்கள் இந்த வாரம் முட்டைக்குப் பதில் தயிர், அடுத்த வாரம் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறார்கள். 1747-ல் இப்படி ஒரு சோதனை சாத்தியமே இல்லை. செய்து பார்த்திருக்கலாம், ஆனால் வந்த முடிவுக்கு அர்த்தம் இருந்திருக்காது. கேக் அமுங்கிப் போனால் தயிர் காரணமா, கை சோர்ந்தது காரணமா, விறகு ஈரமாக இருந்தது காரணமா என்று எப்படிச் சொல்வது? மென்பொருள் வேலையில் பிழை தேடும்போது நாங்கள் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதற்கு மற்றதெல்லாம் மாறாமல் நிற்க வேண்டும். கேக்கில் காற்று, அளவு, சூடு இந்த மூன்றும் மாறாமல் நிற்கக் கிட்டத்தட்ட 170 வருஷம் ஆயிற்று. அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

காற்று

கேக்கை உப்ப வைக்க மூன்று வழிகள். அடித்து அடித்துக் காற்றை உள்ளே பிடித்து வைப்பது ஒன்று. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பது இன்னொன்று. நம் இட்லி மாவும் புளித்துத்தான் பொங்குகிறது. இட்லிக்கு மாவு கரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு அதில் உள்ள தொல்லை தெரியும்: மே மாதம் பாத்திரத்தை விட்டு வெளியே வழியும், மார்கழியில் அசையாது. மூன்றாவது வழி வேதியியல்.

இந்த மூன்றாவது வழி சாம்பலில் இருந்து தொடங்குகிறது. விறகுச் சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி, சுத்தப்படுத்தி எடுத்த உப்புக்குப் பேர்ல் ஆஷ் என்று பெயர். அதாவது பொட்டாசியம் கார்பனேட். புளிப்பான எதனுடனாவது சேர்ந்தால் கரியமில வாயுவை வெளியிடும். இது அந்தக் காலத்து அமெரிக்காவில் எவ்வளவு முக்கியமான சரக்கு என்பதற்கு ஓர் அத்தாட்சி: 1790 ஜூலை 31-ல் அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷும் பேர்ல் ஆஷும் தயாரிக்கும் முறைக்குத்தான். பெற்றவர் சாமுவேல் ஹாப்கின்ஸ், கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். கண்ணாடி, சோப்பு எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய முதல் அமெரிக்கச் சமையல் புத்தகத்தில் அது சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது.

ஒரு சிக்கல். காரமும் கொழுப்பும் சேர்ந்தால் சோப்பு. வெண்ணெய் அதிகமான கேக்கில் பேர்ல் ஆஷ் போட்டால் சோப்பு வாடை அடித்தது. பின்னால் வந்த சமையல் சோடா, அதாவது நம்ம ஊர் ஆப்ப சோடா, இந்த விஷயத்தில் தேவலை. ஆனால் அதற்கும் புளிப்பு வேண்டும். புளித்த பால் ஊற்றலாம், ஆனால் இன்றைக்குப் புளித்த அளவு நாளைக்கு இருக்காது. சோடா அதிகமானால் கசக்கும், குறைந்தால் உப்பாது.

தீர்வு, சோடாவையும் உலர்ந்த அமிலத்தையும் சரியான விகிதத்தில் முன்கூட்டியே கலந்து வைப்பது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843-ல் அதைச் செய்தார். காரணம் வியாபாரம் இல்லை, வீட்டுக்காரம்மா. அவர் மனைவி எலிசபெத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. முட்டையும் ஒத்துக்கொள்ளாது. அதனால் 1837-லேயே முட்டை இல்லாமல் சோள மாவில் கஸ்டர்ட் செய்யும் பொடியைக் கண்டுபிடித்திருந்தார். முட்டை சாப்பிடாத நம் வீடுகளில் கல்யாணம், பிறந்தநாள் என்றால் ஃப்ரூட் சாலட்டோடு வரும் மஞ்சள் கஸ்டர்டின் மூலம் இதுதான். ஒரே ஒரு பெண்ணின் ஒவ்வாமையில் இருந்து இன்றைய எக்லெஸ் கேக்கின் இரண்டு முக்கியமான பொடிகள் வந்திருக்கின்றன!

அடுத்தவர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட். ஜெர்மனியில் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக்கிடம் படித்துவிட்டு ஹார்வர்டில் பேராசிரியர் ஆனவர். அதுவரை பயன்பட்ட அமிலமான க்ரீம் ஆஃப் டார்டார், ஒயின் பீப்பாய்களின் உள்ளே படியும் உப்பு. ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். ஹார்ஸ்ஃபோர்ட் அதற்குப் பதிலாகக் கால்சியம் பாஸ்பேட் அமிலத்தைப் பயன்படுத்த 1856-ல் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் அதை எடுத்தது மாட்டு எலும்பில் இருந்து. டப்பாவுக்குள் ஈரம் பட்டு முன்னாடியே வினை நடந்துவிடாமல் இருக்கச் சோள மாவும் சேர்க்கப்பட்டது. இன்று பேக்கிங் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தில் ஸ்டார்ச் என்று போட்டிருப்பது கலப்படம் இல்லை, காவல்.

ஆனால் பொடி தயார் என்றாலும் எவ்வளவு போடுவது என்ற கேள்வி பாக்கி. 1891-ல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் மருந்துக்கடை வாங்கிய அகஸ்ட் ஓட்கர் அதையும் முடித்துவைத்தார். 1893-ல் அவர் விற்ற 'பாக்கின்' பொட்டலம் ஒன்றில், சரியாக அரைக் கிலோ மாவுக்குத் தேவையான பேக்கிங் பவுடர் இருந்தது. பிரி, கொட்டு, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் புத்தி!

அளவு

பழைய செய்முறைகளில் 'முட்டை அளவு வெண்ணெய்', 'ஒரு தேநீர்க் கோப்பை மாவு' என்றெல்லாம் வரும். சிரிக்க வேண்டாம். நாம் இன்னமும் 'நெல்லிக்காய் அளவு புளி' என்றுதான் சொல்கிறோம், ரசமும் நன்றாகத்தான் வருகிறது. ஏனென்றால் ரசத்தைக் கொதிக்கும்போது ருசி பார்க்கலாம், புளி கூடினால் தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். கேக்கில் அந்த வசதி கிடையாது. அடுப்புக்குள் போன பிறகு திருத்த முடியாது. எல்லா முடிவையும் முன்னாடியே எடுத்துவிட வேண்டும். கேக்குக்கு அளவு இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதை ஓர் ஒழுங்காக மாற்றியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர். 16 வயதில் பக்கவாதம் வந்து பள்ளிப்படிப்பு நின்றுபோனவர். பின்னாளில் பாஸ்டன் சமையல் பள்ளியில் படித்து, அதற்கே தலைவியானார். 1896-ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு கப் என்றால் கோபுரமாகக் குவித்த கப் இல்லை, கத்தியால் வழித்துத் தட்டையாக்கிய கப். ஒரு ஸ்பூன் என்றாலும் அப்படியே. பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை, முதல் 3000 பிரதிகளை அவர் செலவிலேயே அச்சிடச் சொல்லிவிட்டார்கள். புத்தகம் அமோகமாக விற்றது, லாபமும் அவருக்கே வந்தது.

கைவேலையும் இதே காலத்தில் குறைந்தது. 1870-ல் டர்னர் வில்லியம்ஸ் காப்புரிமை பெற்ற டோவர் முட்டை அடிப்பான், ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு இறகுகள் கொண்டது. கைப்பிடியைச் சுற்றினால் போதும். 1919-ல் வீட்டுக்கான முதல் கிச்சன் எய்ட் மின்சார மிக்ஸர் வந்தது. எடை சுமார் 30 கிலோ! கிளாஸ் சொன்ன ஒரு மணி நேரம் சில நிமிஷங்களாகச் சுருங்கியது.

சூடு

கடைசியாக அடங்கியது அடுப்பு. விறகு, நிலக்கரி அடுப்புகளில் கையை உள்ளே நீட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எண்ணுவார்கள். அல்லது வெள்ளைத் தாளை உள்ளே வைத்து, எவ்வளவு சீக்கிரம் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். 1915-ல் அமெரிக்காவில் 'லொரெய்ன்' என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் கேஸ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. 1923-ல் பிரிட்டனில் 'ரெகுலோ' வந்தது. அங்கே செய்முறைகளில் இன்றும் காணும் கேஸ் மார்க் எண்கள் அதன் வாரிசுகள்தான். 'வேகமான அடுப்பு' போய், அதன் இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் சோதனை

இந்த மூன்றும் ஓரளவு நிலைத்த பிறகு, 1927-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர் புது கேக்கோடு வருகிறார். பெயர் ஹாரி பேக்கர். பெயர்தான் பேக்கர், தொழில் காப்பீடு விற்பது. வீட்டுச் சமையலறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அவர் கண்டுபிடித்தது ஷிஃபான் கேக்.

அதுவரை இரண்டு வகை. வெண்ணெய் போட்ட கேக் ருசியாக இருக்கும், கனமாக இருக்கும். கொழுப்பே இல்லாத ஏஞ்சல் ஃபுட் கேக் பஞ்சு மாதிரி இருக்கும், கொஞ்சம் வறட்சி. பேக்கர் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் ஊற்றினார். எண்ணெய் அறை வெப்பத்தில் உறையாது, அதனால் கேக் மறுநாளும் மெத்தென்று இருக்கும். ஆனால் வெண்ணெயைச் சர்க்கரையோடு தேய்த்தால் காற்றைப் பிடித்துக்கொள்வது போல எண்ணெய் பிடிக்காது. அந்தக் குறையைத் தனியாக அடித்த வெள்ளைக்கருவும் பேக்கிங் பவுடரும் ஈடுகட்டின. பேர்ட், ஹார்ஸ்ஃபோர்ட், வில்லியம்ஸ் எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு கேக்கில் இருக்கிறது.

பிரவுன் டெர்பி உணவகத்துக்கு அந்த கேக்கைக் கொடுத்துவந்தார். ரகசியத்தை 20 வருஷம் காப்பாற்றினார். 1947-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்குச் செய்முறையை விற்றார். அடுத்த வருஷம் அது வெளியானபோது, நூறு ஆண்டுகளில் வந்த முதல் புதிய கேக் என்று விளம்பரம் செய்தார்கள்.

பேக்கர் பட்டம் வாங்கிய வேதியியலாளர் இல்லை, பெரிய அடுமனை முதலாளியும் இல்லை. அவரிடம் இருந்தது பொறுமையும், நேற்று செய்தது போலவே இன்றும் செய்ய முடிகிற ஒரு சமையலறையும். முதலாவது எந்தக் காலத்திலும் சிலரிடம் இருந்திருக்கும். 1747-ல் மரக்கரண்டி பிடித்த அந்த வேலைக்காரப் பெண்ணிடமும் இருந்திருக்கலாம். வெண்ணெயும் மாவும் எப்படி நடந்துகொள்ளும் என்று எஜமானியைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் இன்னொருவர் காசில் வாங்கிய 12 முட்டையை வைத்து 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. தோற்றுப் பார்க்க வசதி உள்ளவர்களுக்குத்தான் சோதனை. அந்த வசதியை அடுத்தடுத்த தலைமுறைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவலாக்கியது இந்தப் பொடிகளும் கப்புகளும் அடுப்புக் குமிழ்களும்தான்.

வேலை இன்னும் முடியவில்லை. அமெரிக்க கப் சுமார் 237 மி.லி, ஆஸ்திரேலிய கப் 250, ஜப்பானிய கப் 200. டேபிள் ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மி.லி, ஆஸ்திரேலியாவில் 20. ஃபேனி ஃபார்மர் வழித்துத் தட்டையாக்கிய கப் கடல் தாண்டியதும் மறுபடி ஆட்டம் காண்கிறது. அதனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறையைச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சமையலறைத் தராசும், அவனுக்குள் வைக்கிற ஒரு வெப்பமானியும்தான் முதல் முதலீடு. விலை உயர்ந்த அச்சுகளும் வெனிலாவும் அப்புறம். கிராமில் எடை போட்டு, டிகிரியைக் குறித்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.