19ஆம் நூற்றாண்டு ஐக்கிய அமெரிக்க நாட்டுப்புறக் குடும்ப வரலாறு

19ஆம் நூற்றாண்டு ஐக்கிய அமெரிக்க நாட்டுப்புறக் குடும்ப வரலாறு என்பது அக்காலத்தில் அந்நாட்டின் ஊர்ப்புறங்களில் வாழ்ந்த சாதாரண மக்களின் பிறப்பு, திருமணம், குடிபெயர்வு, தொழில், இறப்பு முதலியவற்றைப் பழைய ஆவணங்களின் துணைகொண்டு ஆராயும் துறையாகும். இம்மக்களுள் பெரும்பாலோர் உழவர்களும் கூலியாட்களும் கைவினைஞர்களும் ஆவர். தம்மைப் பற்றி எழுதி வைத்தோர் மிகச் சிலரே. எனவே, அரசு அவர்களைக் கணக்கெடுத்தபோதும், நிலமோ ஓய்வூதியமோ வழங்கியபோதும் உருவான பதிவுகளே முதன்மை மூலங்களாக உள்ளன. இப்பதிவுகள் எல்லோரையும் ஒரே வகையில் நடத்தவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

ஐக்கிய அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவி, மக்கள் முதலிய ஏனையோர் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். 1850இல் அடிமைகள் அல்லாத அனைவரின் பெயர், வயது, பிறந்த இடம் ஆகியவை முதன்முறையாகப் பதியப்பட்டன. 1880இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும், பெற்றோர் பிறந்த இடமும் சேர்க்கப்பட்டன.

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு தாய் பெற்ற குழந்தைகள் எத்தனை, அவர்களுள் உயிருடன் இருப்போர் எத்தனை என்று கேட்கப்பட்டது. பிறப்பு, இறப்புப் பதிவு பல மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முறைப்படுத்தப்பட்டது. ஆகவே, இளமையில் இறந்த குழந்தைகள் பலர் இருந்ததற்கு இவ்விரு எண்களே எஞ்சியுள்ள சான்றாகும்.

1890ஆம் ஆண்டுப் பதிவேடுகள் 1921 சனவரியில் வாசிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் பெரிதும் சேதமடைந்தன. எஞ்சியவையும் பின்னர் அரசால் அழிக்கப்பட்டன. ஏறத்தாழ 6,000 பேர் பற்றிய பதிவுகளே இன்று உள்ளன. இதனால் 1880க்கும் 1900க்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி ஏற்படுகிறது.

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள்

1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகள் தனிப் பட்டியலில், உரிமையாளரின் பெயருக்குக் கீழே பதியப்பட்டனர். வயது, பால், நிறம் ஆகியவை தரப்பட்டன. பெயர்கள் பொதுவாக எழுதப்படவில்லை. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயருடன் இடம்பெற்ற முதல் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினதாகும். அதற்கு முந்தைய தலைமுறையை அறிய, உரிமையாளர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் ஆராய வேண்டியுள்ளது. அவற்றில் மனிதர்கள் கால்நடைகளுடன் சேர்த்து விலை மதிப்பிடப்பட்டிருப்பர். 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் பலவற்றில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களும் காணப்படுகின்றன. விற்பனையால் பிரிக்கப்பட்ட குடும்பங்களை இணைத்துக் காண இவை உதவுகின்றன.

நில ஆவணங்கள்

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் 160 ஏக்கர் வரையிலான அரசு நிலத்தை, ஐந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்து பயிரிடுவோருக்கு வழங்கியது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் விண்ணப்பிக்க முடிந்தது. வீடு, வேலி, கிணறு, பயிரிட்ட பரப்பு ஆகியவை குறித்து அண்டை வீட்டார் அளித்த சாட்சியங்கள் கோப்புகளில் உள்ளன. இந்நிலங்கள் முன்னர் அமெரிக்க முதற்குடிமக்களுக்கு உரியவையாக இருந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஓய்வூதியக் கோப்புகள்

உள்நாட்டுப் போரில் (1861–1865) ஒன்றியப் படையில் பணியாற்றி இறந்தவரின் மனைவி, ஓய்வூதியம் பெறத் தம் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாதோர் உறவினர், மருத்துவச்சி முதலியோரின் வாக்குமூலங்களை அளித்தனர். பிறப்புகளும் திருமணங்களும் எழுதப்பட்ட குடும்ப விவிலியப் பக்கங்களைக் கிழித்து அனுப்பியோரும் உண்டு. எழுத்தறியாத பெண்களின் வாழ்க்கை விரிவாகப் பதிவான இடங்களுள் இக்கோப்புகள் குறிப்பிடத்தக்கவை.

ஆய்வில் கவனிக்க வேண்டியவை

கணக்கெடுப்பாளர் பெயர்களைக் காதால் கேட்டவாறு எழுதியதால், ஒரே குடும்பப்பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் காணப்படும். வயதும் ஆண்டுக்கு ஆண்டு முரண்படலாம். திருமணத்துக்குப் பின் பெண்கள் கணவரின் குடும்பப்பெயரை ஏற்றதால், அவர்களின் பிறந்த வீட்டை அறிதல் கடினமாகும். தந்தையின் உயில், திருமணப் பதிவு, அருகில் வசித்த குடும்பங்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவுக்கு வர இயலும். ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் நம்பினால், ஒரே பெயர் கொண்ட இருவரை ஒருவராகக் கருதும் பிழை நேரக்கூடும்.