விடுமுறையும் விடுதியும்: அம்பேத்கரின் மூன்று பயணங்கள்



பட்டு நெய்யும் ஆரணியில் கூடியிருக்கிறோம். பட்டுக்கரை வேட்டி கட்டி விடுமுறைக்குப் புறப்பட்ட ஒரு சிறுவனின் கதையிலிருந்தே இந்த நினைவுரையைத் தொடங்குகிறோம்.

1901, கோடை விடுமுறை. கோரேகாவில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க, சத்தாராவிலிருந்து பீமராவ் தன் வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலேறினான். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. முதல் ரயில் பயணம். மசூர் நிலையத்தில் இறங்கியதும் நிலைய அதிகாரி யாரென்று கேட்டார். மகர் என்றார்கள். அதன்பிறகு வண்டி கட்ட ஆளில்லை. இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. கட்டிக்கொடுத்த சோறு கையில் இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. பட்டினியோடு படுத்தார்கள்.

அடுத்தது, வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த காலம். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள்.

மூன்றாவது 1934. அண்ணலும் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரும் சுற்றுலாவாகத் தௌலதாபாத் கோட்டைக்குப் போனார்கள். வாசல் குளத்தில் புழுதி போகக் கைகால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று அங்கிருந்த முஸ்லிம்கள் கூச்சலிட்டார்கள். பிறகு, கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற கட்டளையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் கூடவே அனுப்பப்பட்டார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணலே இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

சுற்றுலா ஆய்வுகள் பலவும் ஒரு நம்பிக்கையில் நிற்கின்றன: காசு கொடுப்பவர் விருந்தினர். இந்த மூன்று பயணங்களும் அதை உடைக்கின்றன. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் பக்கத்தில் உட்காரவில்லை. வாடகை கொடுத்தும் அறை நிலைக்கவில்லை. சாதி விசாரிக்கப்படும் இடத்தில் பணம் செல்லாது.

அந்த அனுபவம் சட்டத்திலும் படிந்திருக்கிறது. பொது உணவகம், விடுதி, கடைகளில் நுழைவதைச் சாதியின் பேரால் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. 1948இல் அரசியல் நிர்ணய சபை விவாதத்தில், 'கடை' என்ற சொல் உள்ளே நுழைவதை மட்டும் குறிக்கவில்லை, சேவை பெறும் உரிமையையும் சேர்த்தது என்று விளக்கியவர் அண்ணல்தான். 1955ஆம் ஆண்டுச் சட்டம், உணவகத்திலும் சத்திரத்திலும் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. நம் ஊர்களின் இரட்டைக் குவளைக்கு எதிரான சட்டம் அதுவே. சட்டம் வந்த பின்னும் ஓட்டல் பலகையில் சாதி தொங்கியது. சென்னை முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட்டம் நடத்தவேண்டி வந்தது.

இன்று பலகை இல்லை. ஆனால் விடுதிக்கு இரண்டு வாசல்கள்: விருந்தினர் நுழைவது ஒன்று, வேலையாள் நுழைவது ஒன்று. இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தம், தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்த வேலையிலும் சேரவிடாமல் தடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. அதை உரைகல்லாகக் கொள்வோம்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பௌர்ணமிக்கு நிரம்பும் திருவண்ணாமலை விடுதிகளுக்கும் நம் ஆரணி ஓட்டல்களுக்கும் போங்கள். விருந்தினருக்குத் திருப்தியா என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். அடுப்படியில் நிற்பவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார், கழிவறை கழுவுபவர் யார், அவர்களுக்கு வார விடுமுறை உண்டா என்று கேட்டு எழுதுங்கள். தங்க வந்தவரிடம் எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரிக்கிறார்களா என்பதையும் எழுதுங்கள்.

தண்ணீர் கிடைக்காமல் படுத்த அந்தச் சிறுவனின் இரவிலிருந்துதான் நம்முடைய சுற்றுலா வரலாறு தொடங்குகிறது. அடுத்த பக்கங்களை நாம் எழுத வேண்டும்.